ஸெமுன் இகாருஸ்: போர் விமானம் கட்டிய கம்பெனி பேருந்துக்கு வந்த கதை தெரிந்தவர்கள் உண்டா?

பல்சக்கரம் எழுதியது:

வணக்கம். பழைய பேருந்துப் படங்களைச் சேர்ப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். பெல்கிரேடு நகரப் பேருந்துகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடுவில் மடங்கும் நீளமான வண்டி ஒன்று கண்ணில் பட்டது. முகப்பில் ‘இகார்பஸ்’ என்று இருந்தது. கீழே யாரோ, “இந்தக் கம்பெனி முன்னால் போர் விமானம் கட்டியது” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குத் தெரிந்த இகாருஸ் ஹங்கேரிக்காரர்களுடையது. சோவியத் காலத்து ஊர்ப் படங்களில் மஞ்சளாக நிற்குமே, அது. இரண்டும் ஒன்றா? செர்பியக் கம்பெனி உண்மையிலேயே விமானம் கட்டியதா, அல்லது உதிரிபாகம் மட்டும் செய்ததா? அப்படியே கட்டியிருந்தால், அதை விட்டுவிட்டு ஏன் பேருந்துக்கு வந்தார்கள்? விமானம் கட்டிய கை பேருந்து கட்டும்போது அதில் ஏதாவது தெரியுமா?

கொஞ்சம் நீளமாகவே சொல்லுங்கள். படிக்க நேரம் இருக்கிறது.


கரூர்ப்பட்டறை எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் வேலைக்காலம் முழுக்கக் கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறையில் போனது. மகன் வியன்னாவில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது பெல்கிரேடு வரை போய், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விமான அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து இந்தக் கம்பெனியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டும் வேறு வேறு கம்பெனிகள். ஹங்கேரி இகாருஸின் வேர் 1895-ல் புடாபெஸ்டில் இம்ரே ஊரி என்பவர் தொடங்கிய கொல்லுப்பட்டறை. போருக்குப் பிறகு நாட்டுடைமை ஆகி, 1949-ல் இன்னொரு கம்பெனியோடு சேர்த்தபோதுதான் அதற்கு இகாருஸ் என்ற பெயர் வந்தது. நீங்கள் பார்த்த மஞ்சள் வண்டிகளில் மடங்கும் வகை 280. அறுபதாயிரத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். செர்பிய இகாருஸ் 1923-ல் நோவி சாட் நகரத்தில் விமானம் கட்டுவதற்கென்றே தொடங்கிய கம்பெனி. அன்றைக்கு அந்த நாட்டுக்குப் பெயர் செர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர் அரசு, பிறகுதான் யூகோஸ்லாவியா. அந்த நாட்டின் முதல் விமானத் தொழிற்சாலை இதுதான். உதிரிபாகம் செய்த கம்பெனி இல்லை. முழு விமானமும், பெரும்பாலும் தங்களுடைய சொந்த வரைபடத்திலேயே கட்டினார்கள்.

தொடங்கியவர்களில் முக்கியமானவர் திமித்ரியே கோன்யோவிச். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரிக் கடற்படையில் விமானியாக இருந்தவர். 1916 செப்டம்பர் 15 அன்று, ஏட்ரியாட்டிக் கடலில் கோட்டோர் பக்கம், லோனர் வகைப் பறக்கும் படகுகள் (தண்ணீரில் இறங்கி ஏறுகிற விமானங்கள்) இரண்டு ரோந்து போயின. ஒன்றில் கோன்யோவிச் இருந்தார். தண்ணீர் தெளிவாக இருந்ததால் அடியில் போய்க்கொண்டிருந்த ஃபூக்கோ என்ற பிரெஞ்சு நீர்மூழ்கி மேலிருந்தே தெரிந்தது. குண்டு போட்டார்கள். நீர்மூழ்கி அடிபட்டு, உள்ளே மின்சாரம் போய், கஷ்டப்பட்டு மேலே வந்தது. மாலுமிகள் எல்லோரும் கடலில் குதித்தார்கள். அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். குண்டு போட்ட அதே இரண்டு விமானங்களும் கடலில் இறங்கி, தத்தளித்தவர்களைத் தங்கள் மேல் தொற்றிக்கொள்ள விட்டு, டார்பிடோ படகு வந்து சேரும்வரை மிதந்தபடி காத்திருந்தன. ஒருவர்கூடச் சாகவில்லை. கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு நீர்மூழ்கியை விமானம் மூழ்கடித்தது உலகிலேயே அதுதான் முதல் முறை.

அந்த மனிதர்தான் ஏழு வருடம் கழித்து இகாருஸைத் தொடங்கிய கூட்டத்தில் முன்னால் நின்றார், பிறகு அதன் இயக்குநராகவும் இருந்தார். கடற்படைக்காரர் தொடங்கியது, பக்கத்தில் டான்யூப் ஆறு. அதனால் முதல் விமானமும் தண்ணீரில் இறங்குவதாகவே இருந்தது. 1924-ல் வந்த எஸ்.எம். என்ற பயிற்சிப் பறக்கும் படகு அது. முழுக்க மரத்தில் கட்டியது. வரைந்தவர் யோசெப் மிக்ல். இவரும் பழைய ஆஸ்திரியக் கடற்படை விமானப் பொறியாளர். பின்னால் ஃபெர்டினாண்ட் போர்ஷேவிடம் போய்ச் சேர்ந்து, கார்களின் காற்று எதிர்ப்புக் கணக்கைப் பார்த்தவரும் இவரேதான். பேருந்து, கார், விமானம் என்று நாம் தனித்தனிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கு அப்படி எந்த வேலியும் இல்லை.

1920-களின் பிற்பகுதியில் பெல்கிரேடுக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஸெமுன் என்ற ஊரில் புதிய தொழிற்கூடம் கட்டினார்கள். பக்கத்திலேயே பெஜானியா விமானத் திடல். போதெஸ் 25 என்ற பிரெஞ்சு இருதளை (மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை வைத்த) விமானத்தை உரிமம் வாங்கி நிறையக் கட்டியது தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்தியது. சொந்தமாகப் போர் விமானம் கட்டியது பிறகு. அதை இங்கே இருக்கிற விமானக்காரர்கள் யாராவது என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

போர் வந்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மன்காரர்கள் வந்து நாட்டைப் பிடித்தார்கள். தொழிற்சாலை அவர்கள் கையில் இருந்தபோது 1944-ல் நேச நாட்டு விமானங்கள் வந்து அதன்மேல் குண்டு போட்டன. போர் முடிந்ததும் புதிய அரசு அதை நாட்டுடைமை ஆக்கியது. இடிபாட்டிலிருந்து எழுந்து மறுபடியும் விமானம்தான் கட்டினார்கள். எஸ்-49 என்ற போர் விமானத்தின் முதல் பறத்தல் 1949-ல். அருங்காட்சியகத்தில் அதன் ‘சி’ வகை நிற்கிறது. அதன் முன்னால்தான் நான் வெகுநேரம் நின்றேன். காரணம் சொல்கிறேன்.

எஸ்-49-ன் ‘ஏ’ வகைக்கு சோவியத்தின் கிளிமோவ் எஞ்சின். 1948-ல் டிட்டோவுக்கும் ஸ்டாலினுக்கும் முறிந்துபோனது. அதோடு அந்தப் பக்கமிருந்து எஞ்சினும் வராது, உதிரியும் வராது. பிரான்சிலிருந்து இஸ்பானோ-சூய்ஸா எஞ்சின் வாங்கினார்கள். அது நீளமும் எடையும் கூடியது. மூக்கை நீட்டினார்கள். ‘ஏ’ வகையில் மரமும் கலந்திருந்தது. ‘சி’ வகையை முழு உலோகத்தில் கட்டினார்கள். இரண்டும் சேர்த்து 158 விமானம். எஞ்சினை மாற்றினால் சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பது பாடி கட்டுகிற எவருக்கும் தெரியும். சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், தருகிற கம்பெனிக்காரன் மாடலை மாற்றினாலே எங்கள் பட்டறையில் ஜிக் (துண்டுகளை அளவு மாறாமல் பிடித்து வைக்கிற அச்சுச் சட்டம்) எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக அடிக்க வேண்டிவரும். இவர்கள் அதைப் போர் விமானத்தில், நாலு பக்கமும் பகை சூழ்ந்த நேரத்தில் செய்திருக்கிறார்கள். அந்த நீண்ட மூக்கில் தகடு வளைந்து போகிற இடத்தில் தகடுகளைச் சேர்க்கிற ரிவெட் ஆணி வரிசையைப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு தலைகூட மேலே துருத்தவில்லை.

பேருந்து 1954-ல் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் ப்ரிபோய் என்ற ஊரில் ஃபாப் லாரித் தொழிற்சாலை, ஆஸ்திரியாவின் ஸாவ்ரர் கம்பெனி உரிமத்தில் லாரி கட்டத் தொடங்கியிருந்தது. இகாருஸும் ஸாவ்ரர் உரிமத்திலேயே பேருந்துக்குள் வந்தது. நாடு அன்றைக்கு இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். ரயில் பாதை பாதி உடைந்து கிடக்கிறது, மலை ஊர், மக்கள் கிராமத்திலிருந்து தொழிற்சாலை ஊர்களுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். பேருந்து இல்லாமல் நடக்காது. கொஞ்ச காலம் ஒரே வளாகத்தில் ஒருபக்கம் விமானம், ஒருபக்கம் பேருந்து. 1960-களின் தொடக்கத்தில் விமான வேலை மொத்தமாக மற்ற இரண்டு தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது: மோஸ்தார் நகரத்து சோகோ, பாஞ்செவோ நகரத்து உத்வா. ஸெமுனில் பேருந்து மட்டும் நின்றது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. விமானம் கட்டிய கை பேருந்தில் தெரியுமா?

தெரியும். ஆனால் பேருந்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பாடி வேலையில் மிகக் கஷ்டமான இடம் கூரையின் நான்கு மூலைகள். பக்கவாட்டுத் தகடு நேர்த் தகடு, யாரும் அடித்துவிடலாம். முன்கூரை ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் வளைகிறது, முன்னாலும் வளைகிறது, பக்கத்திலும் வளைகிறது. அந்த இடத்தில் தகட்டை மடிக்க முடியாது, இழுத்து விரிக்க வேண்டும். நாங்கள் மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்போம். ஒரு தட்டு கூடிப் போனால் தகடு மெலிந்து, வண்டி ஓடுகிற அதிர்வில் அந்த இடத்தில் கீறல் விடும். அதில் கை தேர்ந்த ஆள் ஒரு பட்டறைக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். விமானத்தில் எஞ்சின் மூடி, இறக்கை உடம்போடு சேருகிற இடம், வால் சேருகிற இடம் என்று திரும்பிய பக்கமெல்லாம் இதே இரட்டை வளைவுதான். அந்த வேலையை அன்றாடம் செய்த தட்டுவேலைக்காரர்கள் நிறைந்த தொழிற்சாலைக்கு ஒரு பேருந்தின் நான்கு மூலை எம்மாத்திரம்.

அடுத்தது ரிவெட். ஒருவர் வெளியே அடிக்க, ஒருவர் உள்ளே டாலி என்ற முட்டு இரும்பைப் பிடிக்க, இரண்டு பேருக்கும் மூச்சு ஒத்துப் போக வேண்டும். அப்புறம் ஜிக். முதல் விமானமும் நூறாவது விமானமும் ஒரே அளவில் வர வேண்டுமென்றால் ஜிக் இல்லாமல் முடியாது. நம் ஊரில் வெகுநாள் வரை வண்டிக்கு வண்டி ஜன்னல் அளவு கொஞ்சம் மாறும். கண்ணாடி உடைந்தால் அந்த வண்டிக்கென்று அளவெடுத்துத்தான் வெட்ட வேண்டும். விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பழக்கமே வந்திருக்காது.

பிறகு எடை. ஒரு சட்டத்தில் எங்கே துளை போட்டு இரும்பைக் குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்ற கணக்கு விமானக்காரர்களுக்குக் கை வந்த கலை. லாரி சேஸிஸ்மேல் பெட்டியை வைத்துக் கட்டுகிற காலத்தில் அது பெரிதாகத் தெரியாது. பாடியே பாரத்தைத் தாங்குகிற வகை வந்தபோது அந்த அறிவுக்குத்தான் மதிப்பு.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ‘விமானத்திலிருந்து பேருந்துக்கு இறங்கிவிட்டது’ என்கிற தொனியில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஸ்-49 நூற்றைம்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் உட்காரலாம். ஸெமுனில் கட்டிய பேருந்துகளில் பெல்கிரேடு மக்கள் இரண்டு மூன்று தலைமுறையாக வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்திருக்கிறார்கள்.

பெயர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 1992-ல்தான் இகார்பஸ் என்று மாற்றினார்கள். அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொருளாதாரத் தடை வந்தது. யூகோஸ்லாவியா உடைந்ததில் விற்ற சந்தையெல்லாம் எல்லைக்கு அந்தப்பக்கம் போயிற்று. அதையும் தாண்டி, தாழ்தள மடங்கு பேருந்துவரை கட்டினார்கள். நீங்கள் படத்தில் பார்த்தது ஐ.கே-218 ஆக இருக்கலாம். பதினெட்டு மீட்டர் வண்டி, பெல்கிரேடில் நிறைய ஓடியது. படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.


நீலவானம் எழுதியது:

கரூர் ஐயா, நன்றி. விமானக்காரர்கள் சொல்லட்டும் என்று விட்ட இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இகாருஸ் கட்டிய போர் விமானங்களில் எனக்கு மிகப் பிடித்தது ஐ.கே-2. கோஸ்தா சிவ்செவ், ல்யுபோமிர் இலிச் என்று இரண்டு இளம் பொறியாளர்கள், பாரிசில் படித்துவிட்டு வந்தவர்கள். விமானப்படை இருதளை விமானமே போதும் என்று நினைத்த காலத்தில், ஒற்றைத் தளமும் எஞ்சின் நடுவே சுடுகிற பீரங்கியும் வைத்த விமானம் வேண்டும் என்று இவர்களாகவே முடிவு செய்தார்கள். யாரும் கேட்கவில்லை, காசும் தரவில்லை. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், முதலில் பெல்கிரேடில் ஒரு வீட்டின் நிலவறையில், பிறகு நோவி சாட்டில் ஒரு குடியிருப்பில் உட்கார்ந்து வரைந்தார்கள். மர மாதிரி செய்து பாரிசில் ஐஃபெலின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். எல்லாம் தயாரான பிறகு 1933-ல்தான் அதிகாரிகளிடம் காட்டினார்கள்.

முதல் மாதிரி 1935 ஏப்ரலில் இகாருஸில் கட்டிப் பறந்தது. மூன்றாவது பறத்தலில் கீழ்நோக்கிப் பாய்ந்து எழும்போது இறக்கையின் துணி பிய்ந்து போயிற்று. விமானி லெயொனித் பாய்தக் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். விசாரித்ததில் துணியின் தையல் சரியில்லை என்று தெரிந்தது. அடுத்த மாதிரிக்கு இறக்கையில் உலோகத் தகடு போட்டார்கள். அது 1936-ல் பறந்தது. இன்னும் நம்பாதவர்களுக்காக, அன்றைக்கு விமானப்படையிலிருந்த ஹாக்கர் ஃப்யூரி இருதளை விமானத்தோடு போலிச் சண்டையில் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஃப்யூரியை ஓட்டியவர் அதே பாய்தக். புதிய விமானம் ஜெயித்தது. பன்னிரண்டு விமானம் கட்டினார்கள். 1941 ஏப்ரலில் ஜெர்மனி வந்தபோது அதில் எட்டு பறக்கும் நிலையில் இருந்தன. பான்யா லூகா பக்கத்துத் திடலிலிருந்து ஏறி, தங்களைவிட வேகமும் எண்ணிக்கையும் கூடிய மெஸ்ஸர்ஷ்மிட் 109-களோடு மோதின.

சிவ்செவ்தான் போருக்குப் பிறகு எஸ்-49 வரைந்த மூவரில் ஒருவர். ஐயா நின்று பார்த்த அந்த நீண்ட மூக்கு விமானம் வரை அந்த நிலவறை வேலை நீண்டிருக்கிறது.

ஒரு பக்கச் செய்தி. போருக்கு முன் இகாருஸ், ப்ளென்ஹெய்ம் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தையும் உரிமத்தில் கட்டியது. 16 முடிந்திருந்தன. பாதியில் நின்றவற்றை எதிரி கையில் சிக்காமல் தாங்களே பாழாக்கினார்கள். ப்ளென்ஹெய்மின் சொந்தக் கம்பெனி பிரிஸ்டல். அதைத் தொடங்கிய ஜார்ஜ் வைட், பிரிஸ்டல் நகர டிராம் கம்பெனியின் தலைவர். 1910-ல் ஃபில்டனில் இருந்த டிராம் கொட்டகையில்தான் முதல் விமான வேலையே ஆரம்பித்தது. அந்த டிராம் கம்பெனி அதற்கு முன்பே சொந்தமாகப் பேருந்தும் கட்டிக்கொண்டிருந்தது. பேருந்துக்காரர்கள் தொடங்கிய கம்பெனியின் விமானத்தைக் கட்டியவர்கள் பிறகு பேருந்துக்குப் போனார்கள்.


பல்சக்கரம் எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. இரண்டு பேருக்கும் நன்றி.

இன்னும் இரண்டு சந்தேகம். விமான வேலையை ஏன் மோஸ்தாருக்குக் கொண்டுபோனார்கள்? தலைநகரத்துக்குப் பக்கத்தில் கை தேர்ந்த ஆட்களும் இடமும் இருந்ததே. இரண்டாவது, இகாருஸில் விமானி குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டுகிற விமானம் ஒன்று கட்டினார்கள் என்று படித்தேன். அது நிஜமா?


கரூர்ப்பட்டறை எழுதியது:

நிஜம்தான் தம்பி. வரைந்தவர் த்ராகோல்யுப் பெஷ்லின். விமானம் வேகமாகத் திரும்பும்போதும், பாய்ந்து எழும்போதும் விமானியின் ரத்தம் கால்பக்கம் இறங்கும். மூளைக்கு ரத்தம் போகாமல் கண் இருட்டும், மயக்கமே வரும். குப்புறப் படுத்தால் இதயமும் தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால் அந்தத் தொல்லை குறையும் என்பது கணக்கு. முதலில் பியோனிர் என்ற சின்ன விமானத்தில் இதைச் சோதித்தார்கள். அடுத்தது 451, அதில் இரண்டு பிஸ்டன் எஞ்சின். தாடையை வைக்க ஒரு தாங்கல், முன்னால் கண்ணாடி மூக்கு. எதிரே பார்ப்பது சுலபம். பின்னால் திரும்பிப் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள், கழுத்து என்ன ஆகும்! பல நாட்டிலும் இதை முயன்றிருக்கிறார்கள், எங்கும் நிலைக்கவில்லை.

ஆனால் அதே 451-ன் உடம்பை எடுத்து, விமானியை எழுப்பி உட்காரவைத்து, பிரெஞ்சு டர்போமெக்கா பலாஸ் ஜெட் எஞ்சின் இரண்டை இறக்கைக்கு அடியில் மாட்டினார்கள். அதுதான் 451எம். 1952 அக்டோபர் 25-ல் பறந்தது. யூகோஸ்லாவியா சொந்தமாகக் கட்டிய முதல் ஜெட் விமானம் அது. இரண்டு வருடத்தில் அதே கம்பெனியிலிருந்து பேருந்து வந்தது. எனக்கு இந்தக் கதையில் திரும்பத் திரும்ப மனசு போய் நிற்கிற இடம் இதுதான். நலிந்துபோன விமானக் கம்பெனி வேறு வழியில்லாமல் பேருந்துக்குப் போகவில்லை. ஜெட் கட்டிக்கொண்டிருந்த கம்பெனி பேருந்தும் கட்ட ஆரம்பித்தது.

மோஸ்தார் கேள்விக்கு வருகிறேன். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பெல்கிரேடு, ஸெமுன், பாஞ்செவோ எல்லாம் டான்யூப் ஓரச் சமவெளி. வடக்கே ஹங்கேரி, கிழக்கே ருமேனியா. 1948 முறிவுக்குப் பிறகு இரண்டும் ஸ்டாலின் பக்கம். எல்லையிலிருந்து டாங்கி கிளம்பினால் தடுக்க ஒரு மலை கிடையாது. போர் விமானம் கட்டுகிற ஒரே இடத்தை அங்கே வைத்திருக்க எந்த அரசும் துணியாது. மோஸ்தார் ஹெர்ஸகோவினாவில், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மலையைத் தாண்ட வேண்டிய இடம். 1950 வாக்கில் சோகோவை அங்கே தொடங்கினார்கள். வேலை இல்லாத ஏழை மலைப்பகுதிக்குத் தொழில் கொடுப்பதும் அந்த அரசின் கொள்கையாக இருந்தது. பிறகு கலேப் என்ற பயிற்சி ஜெட் சோகோவிலிருந்துதான் வந்தது. 1961-ல் முதல் பறத்தல். வெளிநாடுகளுக்கும் விற்றார்கள்.

ஆக ஸெமுன்காரர்களின் வேலை சரியில்லை என்று விமான வேலையை அவர்களிடமிருந்து எடுக்கவில்லை. ஊர் இருந்த இடம்தான் காரணம். இந்த விவரத்தை விட்டுவிட்டு ‘விமானம் ஓடவில்லை, பேருந்துக்குப் போனார்கள்’ என்று சொன்னால் அங்கே உழைத்தவர்களுக்கு அது அநியாயம்.


தண்டவாளம் எழுதியது:

பாடி வேலை பற்றிக் கரூர் ஐயா எழுதியதைப் படித்ததும் பெங்களூரு ஞாபகம் வந்தது. அங்கே ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியும் போர் முடிந்து விமான வேலை குறைந்தபோது அதே ஆட்களையும் அதே தகட்டு வேலையையும் வைத்து முழு உலோக ரயில் பெட்டி கட்டியது. மரப் பெட்டியே வழக்கமாக இருந்த காலம் அது. பிறகு அந்த ரயில் பெட்டிப் பிரிவுதான் 1960-களின் நடுவில் பி.இ.எம்.எல். என்று தனிக் கம்பெனியாகப் போனது. அங்கே விமானம் அதே இடத்தில் தங்கியது, பெட்டி வெளியே போனது. ஸெமுனில் பேருந்து தங்கியது, விமானம் வெளியே போனது.

ஒரு கேள்வி. யூகோஸ்லாவியாவில் போருக்கு முன் வேறு விமானக் கம்பெனிகளும் இருந்தன அல்லவா? அவை என்ன ஆயின?


கரூர்ப்பட்டறை எழுதியது:

பெங்களூரு விஷயம் நல்ல பொருத்தம். ரயில் பெட்டியின் பக்கவாட்டுத் தகடே பாரத்தில் பங்கு எடுக்கிற முறையில் கட்டும்போது விமானக் கணக்கு நேராகக் கைகொடுக்கும். பேருந்தைவிட அங்கேதான் அதிகம் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன்.

மற்ற கம்பெனிகளில் நன்றாகத் தெரிந்தது இரண்டு. ரோகோஜார்ஸ்கி பெல்கிரேடிலேயே இருந்தது. மர வேலையில் பெயர் எடுத்தவர்கள். ஐ.கே-3 என்ற போர் விமானம் அவர்கள் கட்டியது. இலிச்சும் சிவ்செவும் ஐ.கே-2-க்குப் பிறகு வரைந்தது அது, மூன்றாவதாக ஸ்லோபோதான் ஸ்ர்னிச் சேர்ந்துகொண்டார். எஸ்-49-க்கு அடித்தளமும் அதுதான். போருக்குப் பிறகு அந்தக் கம்பெனி தனியாக நிற்கவில்லை, நாட்டுடைமை ஆன விமானத் தொழிலுக்குள் கரைந்துவிட்டது.

இன்னொன்று ஸ்மாய். அதுவும் ஸெமுன்தான். ஹாக்கர் ஃப்யூரி, ஹரிக்கேன் எல்லாம் உரிமத்தில் கட்டிய கம்பெனி. போருக்குப் பிறகு அது விவசாய எந்திரத்துக்குப் போனது. நெல் அறுக்கிற எந்திரத்தை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள், அது மாதிரி கோதுமை அறுத்து அங்கேயே அடித்துத் தூற்றிக் கொடுக்கிற பெரிய அறுவடை எந்திரம். வடக்கே வொய்வொதினா சமவெளி முழுக்கக் கோதுமையும் சோளமும்தான். அந்த வயலில் ஸ்மாய் எந்திரம் வெகுகாலம் ஓடியது. ஹரிக்கேன் கட்டிய கம்பெனியின் பெயர் அறுவடை எந்திரத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும்.

பல்சக்கரம் தம்பி, பெல்கிரேடு பழைய வண்டிப் படங்கள் இன்னும் இருந்தால் இங்கே ஏற்றுங்கள். குறிப்பாக 1950, 60-களின் ஸாவ்ரர் காலத்து வண்டி முகப்பு தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால், கூரை மூலையில் தகடு எத்தனை துண்டாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். படம் தெளிவாக இருந்தால் ரிவெட் வரிசையை வைத்தே அதைச் சொல்லிவிடலாம்.


பல்சக்கரம் எழுதியது:

கறுப்பு வெள்ளையில் நாலைந்து இருக்கிறது ஐயா. ஒன்றில் முன்கூரை நன்றாகத் தெரிகிறது. பெரிய அளவில் ஸ்கேன் செய்து நாளைக்கு ஏற்றுகிறேன்.